யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருளுக்கு யார் பொறுப்பு?

தஞ்சாவூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் நூலகர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய 62,000 புத்தகங்களின் பட்டியல் ஆறு ஆண்டுகளாகக் கோஹா என்ற நூலக மென்பொருளில் இருக்கிறது. புதிதாக வந்த செயலர் நூலகக் குழுக் கூட்டத்தில், “சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர்னு சொல்றீங்க. எழுதுறவங்க நாளைக்கு விட்டுட்டுப் போயிட்டா யார்கிட்ட போய் நிக்கிறது?” என்றாராம். கூடவே, ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரை ஒதுக்கத் தயார் என்றும் சொல்லியிருக்கிறார். அதை எங்கே கொடுத்தால் பயன் என்று நூலகர் கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் கோஹாவை நம்பலாமா என்பதுபோல் இருக்கிறது. செயலர் கேட்பது அதைவிடப் பெரியது. விலை கொடுத்து வாங்காத ஒன்றுக்கு ஜாமீன் நிற்பவர் யார் என்கிறார். நூலகரே, நீங்கள் கேட்பது, அந்த ஜாமீனில் நம் கல்லூரியும் ஒரு கையெழுத்துப் போட முடியுமா என்று. செயலர்மேல் வருத்தப்படாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலே கோஹாவுக்கு மாறிய நிர்வாகங்களில்தான் பின்னால் பெரிய சிக்கல்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் நூலகவியல் படித்தவன். 2009 முதல் கல்லூரி நூலகங்களுக்குக் கோஹா நிறுவிக் கொடுப்பது, பழைய தரவை மாற்றித் தருவது, பதிப்பு உயர்த்துவது என்று இதே வேலைதான். கோஹா எழுதப்பட்டிருக்கும் பெர்ல் மொழி நிரலைப் படித்தால் புரிந்துகொள்வேன், சிறு திருத்தம் செய்வேன், அதற்கு மேல் பெரிய நிரலாளன் கிடையாது. சட்டமும் படித்ததில்லை. அதனால் உரிமம் பற்றி நான் சொல்வதை உங்கள் கல்லூரியின் வழக்கறிஞர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

நான் படித்த காலத்தில் வின்ஐசிஸ் என்ற நூற்பட்டியல் மென்பொருள் எங்களுக்குப் பாடம். யுனெஸ்கோ 1985-இல் சிறு கணினிகளுக்காக வெளியிட்ட சிடிஎஸ்/ஐசிஸ் பிற்பாடு விண்டோஸுக்கு வந்த வடிவம் அது. காலணா செலவில்லை. வசதியில்லாத நாடுகளின் நூலகங்களுக்கு அது செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. இந்தியாவில் எத்தனையோ நூலகங்கள் முதன்முதலில் கணினியில் நூற்பட்டியல் போட்டது அதில்தான். ஆனால் வின்ஐசிஸின் மூலநிரல் நம் கையில் இல்லை. அதை மேம்படுத்தும் வேலை நின்ற பிறகு, புதிய விண்டோஸில் தகராறு செய்தாலும் சரி, யூனிகோடில் தமிழ் வேண்டுமென்றாலும் சரி, நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரவை ஐஎஸ்ஓ 2709 என்ற பொதுப் பரிமாற்ற வடிவக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனோம். அதனால், இலவசம் என்பதையும் கட்டற்றது என்பதையும் செயலர் ஒன்றாக எண்ணினால் முதலில் அதைப் பிரித்துச் சொல்லுங்கள். வின்ஐசிஸ் இலவசம். கோஹா கட்டற்றது. முன்னதை யாரும் எடுத்து நடத்த வழியில்லை. பின்னதை யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம். நடத்துவார்களா என்பது வேறு கேள்வி. உங்கள் கேள்வியே அதுதான்.

கோஹா பிறந்த கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வடக்கே லெவின் என்று ஒரு சிறிய ஊர். அந்த வட்டாரத்தின் பொது நூலகங்கள் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்தன. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று 1999-இல் தெரிந்துபோனது. கடையில் கிடைத்ததை வாங்காமல், கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்திடம் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். 2000 ஜனவரி 3 அன்று கோஹா வேலைக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. வெறும் தானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; வாங்கியவர் தன் முறை வரும்போது திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊர் மொய் மாதிரி. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் மென்பொருளை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு நூலகத்துக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த மென்பொருளாக இருந்திருந்தால், அந்த நிறுவனம் தொழிலை மாற்றிய அன்றே அது அநாதை. பத்து ஊரில் ஓடினால் பத்துப் பேருக்கு அதன்மேல் அக்கறை இருக்கும்.

முதல் மொய் அமெரிக்காவிலிருந்து வந்தது. தொடக்கத்துக் கோஹாவில் மார்க் வசதி, அதாவது நூற்பட்டியல் பதிவுகளுக்கு நூலகங்கள் பொதுவாக வைத்திருக்கும் வடிவம், கிடையாது. ஒஹாயோ மாநிலத்தின் நெல்சன்வில் பொது நூலகம் கோஹாவுக்கு மாற நினைத்தது, மார்க் 21 இல்லாமல் முடியாது என்றது, அந்த வேலைக்குத் தானே பணம் கொடுத்தது. பிரான்ஸின் பால் புலேன் போன்றவர்கள் எழுதினார்கள். எழுதியது நெல்சன்வில்லோடு நிற்கவில்லை. இன்று உங்கள் கல்லூரியில் 245-ஆம் புலத்தில் தலைப்பையும் 100-ஆம் புலத்தில் ஆசிரியர் பெயரையும் அடிக்கிறீர்களே, அந்த வசதி எங்கோ ஒரு சிறிய ஊர் நூலகம் தன் தேவைக்குப் போட்ட பணத்தில் வந்தது. அதற்கு அவர்கள் நம்மிடம் ரசீது நீட்டவில்லை. கோஹாவில் நீங்கள் தொடும் பெரும்பாலான வசதிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு நூலகமோ ஒரு சேவை நிறுவனமோ இருக்கும்.

ஆனால் இந்தக் கதையில் சண்டையும் உண்டு, அதையும் செயலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோஹா சேவைக்கென்று அமெரிக்காவில் லிப்லைம் என்ற நிறுவனம் தொடங்கியது. 2007-இல் கட்டிப்போவின் கோஹா தொழிலையும் வாங்கிக்கொண்டது. கோஹாவின் இணைய முகவரியும் அதன் கையில்தான். நல்ல வேலை நிறையச் செய்தவர்கள், அதில் சந்தேகம் வேண்டாம். 2009-இல் தங்கள் வாடிக்கையாளர்களுக்கென்று தனி வடிவம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் செய்த மாற்றங்கள் எல்லாருக்கும் பொதுவான கோஹா நிரல் இருக்கும் பொதுக் களஞ்சியத்துக்கு உடனே வந்து சேரவில்லை. ஜிபிஎல் உரிமத்தில் இதற்கு இடமிருக்கிறது. மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால்தான் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். தன் சர்வரில் ஓட்டிச் சேவையாக விற்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 2010-இல் லிப்லைமை பி.டி.எஃப்.எஸ். என்ற நிறுவனம் வாங்கியது. உலகெங்கும் இருந்த கோஹாக்காரர்கள் வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்தார்கள், பொதுச் சொத்துகளை ஹோரோவெனுவா அறக்கட்டளையின் பெயரில் வைப்பதென்று முடிவெடுத்தார்கள். 2011-இல் நியூசிலாந்திலேயே ‘கோஹா’ என்ற வணிகக் குறியை அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் நிலை வந்தது. பெயரைப் பெற்ற ஊரிலேயே அந்தப் பெயர் கைவிட்டுப் போகப் பார்த்தது. ஒரு சின்ன நூலக அறக்கட்டளை வழக்குச் செலவுக்கு உதவி கேட்டு அறிக்கை விட்டது, பல நாடுகளிலிருந்து பணம் வந்தது. 2013 டிசம்பரில் வணிகக் குறி அலுவலகத்தின் முடிவு அறக்கட்டளைக்குச் சாதகமாக வந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் உரிமம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். உரிமம் காப்பாற்றியது நிரலை மட்டும்தான். பெயர், இணைய முகவரி, அறிவிப்புப் பலகை, யார் அடுத்த பதிப்பை வெளியிடுவது என்ற அதிகாரம், இவை எதையும் உரிமம் காப்பாற்றாது. அவற்றைக் காப்பாற்ற ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் ஒரே இடத்தில் சம்பளம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும். கோஹா அந்தச் சண்டையில் பிழைத்தது எதனால் என்று கேட்டால் என் கணிப்பு இதுதான்: அதற்குள் நியூசிலாந்தில் கேட்டலிஸ்ட், பிரான்ஸில் பிப்லிப்ர், அமெரிக்காவில் பைவாட்டர் என்று ஒன்றையொன்று சாராத நிறுவனங்கள் அதில் பிழைப்பு நடத்தத் தொடங்கியிருந்தன. ஒருவர் கதவைச் சாத்தினாலும் மற்றவர்களுக்கு அதைத் தொடர்ந்து நடத்தும் தேவை இருந்தது. பிழைப்பு என்ற சொல்லை மரியாதையோடு சொல்கிறேன். சேவை மனப்பான்மையில் தொடங்கிய திட்டங்கள் மூன்றாம் ஆண்டு நான்காம் ஆண்டு சோர்வதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வாடகை அதிலிருந்து வருகிறவர் அவ்வளவு எளிதில் விட மாட்டார்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. உங்கள் ஓபேக் பக்கத்தில், அதாவது வாசகர்கள் புத்தகம் தேடும் இணையப் பக்கத்தில், பூட்டுப் படம் தெரிகிறதல்லவா, அந்தப் பாதுகாப்பு இணைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரலில் அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தபோது உலகமே பதறியது. வங்கிகளும் பெரிய இணைய நிறுவனங்களும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது, முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் திரட்டின. பத்து ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியில் இன்னொரு பாடம். அதை ஒருவர் தன் சொந்த நேரத்தில் பார்த்துவந்தார். மனநலம் சரியில்லை என்று அவரே சொல்லியிருந்தார். முகம் தெரியாத சிலர் ‘வேகமாக வேலை நடக்கவில்லை, வேறொருவரிடம் கொடுங்கள்’ என்று நச்சரித்தார்கள். உதவ வந்ததுபோல் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக வேலை பார்த்த ஒருவர் பொறுப்பைப் பெற்றார், கடைசியில் கள்ளச் சாவி வைத்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால் அது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்புக்கு வந்து சேரும் முன் பிடிபட்டது. உங்கள் கோஹா ஓடுவதும் அநேகமாக டெபியனிலோ உபுண்டுவிலோதான். களைத்துப்போன ஒரு மனிதர் தனியாக நின்றதுதான் அங்கே முதல் ஓட்டை. நிரலில் வந்த ஓட்டை அதற்குப் பிறகுதான்.

பராமரிப்பு என்ற சொல்லை நாம் சர்வரில் தூசி தட்டுவதுபோல் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் அது எப்படியிருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சட்டப் புத்தகங்கள் நிறைய வைத்திருக்கும் ஒரு கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவி ஓபேக்கில் ‘நீதி’ என்று தேடினாள். வந்த பட்டியலில் நீதி நூல்களோடு நதிகளைப் பற்றிய புத்தகங்களும் கலந்து நின்றன. நூலகர் எனக்குப் போன் செய்து, “சார், நீதி கேட்டா நதி வருது” என்றார். போய் உட்கார்ந்து ‘கீரை’ என்று தேடினேன், ‘கரை’ வந்தது. ‘மீன்’ தேடினேன், ‘மன’ வந்தது. அப்போது பிடிபட்டது. தேடல் அட்டவணை கட்டும் ஜீப்ராவின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, எழுத்துகளின் மேல் வரும் குறிகளை எல்லாம் நீக்கச் சொல்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுத்துகளின் தலைமேல் வரும் சிறு கோடுகளைத் தட்டிவிட்டுத் தேட அது நல்ல ஏற்பாடு. ஆனால் யூனிகோடில் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே வகையில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இகரமும் ஆகாரமும் வேறு வகை, அவை தப்பித்துவிடும். அதனால் நீதியின் ஈகாரம் போய் நதியாகிவிட்டது. மீனின் ஈகாரமும் புள்ளியும் போய் மன என்று ஆகிவிட்டது. யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோப்பு அது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அட்டவணையை முழுக்க மறுபடி கட்டினோம். வேலை முக்கால் மணி நேரம், கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.

மூடிய மென்பொருளில் இதே சிக்கல் வந்திருந்தால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்திருப்போம். கோஹாவில் கோப்பைத் திறந்து பார்க்க முடிந்தது. அதுவரை சரி. அதற்கப்புறம் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்வை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. வேலை முடிந்தது, பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மாவட்டத்தில் ஒரு நூலகர் இதே சிக்கலோடு மூன்று நாள் போராடியிருக்கிறார் என்று தெரிந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்கு ஊர் ஊராக எத்தனை பேர் எழுதி வைத்த குறிப்புகள் சோறு போட்டிருக்கின்றன! நான் வைத்த மொய் எங்கே? அன்றிலிருந்து ஒவ்வொரு வேலை முடிந்ததும் அரைப் பக்கமாவது பொதுவில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இன்னொரு அனுபவம், இது உங்கள் செயலர் பயப்படும் இடத்துக்கு நேராகப் போகும். 2019-இல் ஒரு கல்லூரி கூப்பிட்டது. அங்கே ஓடியது கோஹா 3.8, அதாவது 2012-இல் வந்த பதிப்பு. நிறுவிக் கொடுத்த தனியார் சேவைக்காரர்கள் அதன் உள்ளே கையால் பல மாற்றங்கள் செய்திருந்தார்கள், எதையும் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பவில்லை, எங்கே என்ன மாற்றினோம் என்று ஒரு தாளும் இல்லை. அதனால் பதிப்பை உயர்த்தினால் எல்லாம் உடையும். அதைவிட மோசம், சர்வரின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்டு கல்லூரியிடம் கிடையாது. ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் தருவோம் என்றார்களாம். சர்வர் இருந்த அறையில் நானும் அந்த நூலகரும் உட்கார்ந்து, கணினியை மீட்பு முறையில் தொடங்கி, தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, புதுக் கணினியில் ஏற்றினோம். இரவு ஒன்பதரை மணிக்கு முதல் புத்தகம் பழைய அக்செஷன் நம்பரோடு திரையில் வந்தபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும் மென்பொருளை ஒரு கல்லூரிக்குள் இப்படியும் பூட்டி வைக்கலாம். கோஹாவை எழுதுகிறவர்கள் விட்டுவிட்டுப் போவதைவிட, நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பவர் வழியை அடைப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடப்பது.

இப்போது எது உறுதி என்று சொல்கிறேன். உங்களிடம் இன்று இருக்கும் கோஹா பதிப்பை யாரும் திரும்பப் பெற முடியாது. ஜிபிஎல் அதற்கு இடம் தரவில்லை. உங்கள் நூற்பட்டியலை மார்க் கோப்பாக எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம், உறுப்பினர் விவரம், புழக்க விவரம் எல்லாம் சாதாரண தரவுத்தள அட்டவணைகளில் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும், புதுப் பதிப்பு வருகிறது. நடுவில் மாதாமாதம் திருத்தப் பதிப்புகள். ஒருவர் எழுதிய திருத்தத்தை வேறொருவர் சோதித்து ஒப்பமிட வேண்டும், பிறகு தரச் சோதனைக் குழு பார்க்க வேண்டும், அதன் பிறகே பதிப்புப் பொறுப்பாளர் சேர்ப்பார். அந்தப் பொறுப்பாளரை ஒவ்வொரு சுற்றுக்கும் சமூகம் தேர்ந்தெடுக்கிறது. 25 ஆண்டு தாண்டியும் இது நிற்கிறது என்றால் இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஒரு திட்டத்தின் ஆரோக்கியத்தை அளக்க அதன் புது வசதிகளின் பட்டியலைப் பார்க்காதீர்கள். மாதாந்தரத் திருத்தப் பதிப்பு தவறாமல் வருகிறதா, அதில் எத்தனை வேறு வேறு நாட்டுப் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. இன்னும் 20 ஆண்டு இருக்குமா என்று கேட்டால், என்னால் உத்தரவாதம் தர முடியாது. மூடிய மென்பொருள் விற்பவராலும் முடியாது, ஆனால் அவர் தருவதுபோல் பேசுவார். கோஹாவின் பெரும்பகுதி பெர்லில் இருக்கிறது; இளம் நிரலாளர்கள் அந்த மொழிக்கு அதிகம் வருவதில்லை. புதிய பகுதிகள் சிலவற்றை வேறு கருவிகளில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், அது போதுமா என்பது போகப் போகத்தான் தெரியும். பெரிய நிதியோடு ஒரு தனி நிறுவனம் அமைத்து நடத்துவது நல்லதா, இப்போதுபோல் பல சேவை நிறுவனங்கள் கூடி இழுப்பது நல்லதா என்பதிலும் என்னிடம் முடிந்த முடிவு இல்லை. இரண்டு விதத்திலும் பிழைத்தவை இருக்கின்றன. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் பின்னால் இருப்பது மிகச் சிறிய குழு. உறுப்பினர் நிறுவனங்கள் கட்டும் சந்தாவிலும் சேவைக் கட்டணத்திலும் நடக்கிறது, 2050 வரை ஆதரவு தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருள் 2002-இல் நிறுவனம் மூடிய நிலையில், மக்களிடம் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி நிரலை மீட்டுத் திறந்துவிடப்பட்டது. இன்று அதற்கென்று ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ஜெர்மனி அரசு 2022 முதல் இத்தகைய அடிப்படைத் திட்டங்களின் பராமரிப்புக்கு என்றே நிதி கொடுக்கிறது. சாலையைப் போல இதுவும் பொதுச் சொத்து என்று ஒரு அரசு ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். நம் அரசுகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அதை நம்பி உங்கள் கல்லூரி காத்திருக்க வேண்டாம்.

உங்கள் 40,000 ரூபாய்க்கு வருகிறேன். வெளிநாட்டுத் திட்டத்துக்கு நன்கொடை என்று உதவி பெறும் கல்லூரி எழுதினால் தணிக்கையில் கேள்வி மேல் கேள்வி வரும். அதற்குப் பதில், ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு சேவை நிறுவனத்தையோ தனி ஆளையோ அமர்த்துங்கள், ஆனால் வேலை ஆணையில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும். ரூட் பாஸ்வேர்டும் தரவுத்தளப் பாஸ்வேர்டும் மூடிய உறையில் முதல்வர் அறையில் இருக்க வேண்டும். பேக்கப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் ஏற்றிக் காட்ட வேண்டும். பேக்கப் எடுத்தேன் என்று சொல்வது கணக்கில் வராது. பதிப்பு ஒரு ஆண்டுக்கு மேல் பின்தங்கக் கூடாது. உள்ளே ஏதாவது மாற்றினால் அதைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும், அல்லது ஏன் அனுப்பவில்லை என்று எழுதித் தர வேண்டும். இந்த நான்காவது நிபந்தனையைக் கேட்டதும் முகம் சுளிப்பவரை அமர்த்தாதீர்கள். இதற்கு 25,000 ஆகலாம், கூடவோ குறையவோ ஊரைப் பொறுத்தது. மீதியை உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாலைந்து கல்லூரிகளோடு கூட்டுச் சேர்த்துப் பாருங்கள். பெரிய வசதி ஒன்றை எழுதவைக்க லட்சக்கணக்கில் ஆகும், அது நமக்கு எட்டாது. தமிழில் அகர வரிசை சரியாக வருவது, தமிழ் ரசீது அச்சாவது போன்ற சிறு திருத்தங்களுக்கு ஐந்து கல்லூரியின் மீதிப் பணம் போதும். அப்படிச் செய்தது மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நூலகங்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும்.

பணத்தைவிட அதிகமாக உங்களால் கொடுக்க முடிந்த ஒன்று இருக்கிறது. புதுத் திருத்தங்கள் பல, நிரல் தயாராகியும், சோதித்து ஒப்பமிட ஆள் இல்லாமல் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. சோதிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. உலாவியிலேயே ஒரு சோதனைக் கோஹாவைத் திறந்து, அந்தத் திருத்தத்தை ஏற்றிப் பார்க்க ‘சாண்ட்பாக்ஸ்’ வசதி வைத்திருக்கிறார்கள். ‘தாமதக் கட்டணம் விடுமுறை நாளுக்குக் கணக்காகக் கூடாது’ என்பதுபோல் ஒரு திருத்தம் இருக்கும். தினமும் புத்தகம் கொடுத்து வாங்கும் உங்களைவிட அதைச் சரியாகச் சோதிக்க யாரால் முடியும்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம், உங்கள் உதவி நூலகரோடு சேர்ந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. கோஹா மாநாடு 2011-இல் மும்பை அருகே தானேயில் நடந்தது. அப்போதே இந்திய நூலகங்கள் ஏராளமாக இதைப் பயன்படுத்தின. பயன்படுத்தும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சோதித்து ஒப்பமிடும் நம் பெயர்கள் குறைவு என்பது என் பார்வை. உங்கள் பெயர் அதில் ஒருமுறை வந்துவிட்டால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் செயலரிடம் காட்டுங்கள். யார்கிட்ட போய் நிக்கிறது என்று கேட்டாரே, அந்தப் பட்டியலில் இப்போது அவருடைய கல்லூரியும் இருக்கும்.

அதற்கு முன் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஓபேக்கில் ‘நீதி’ என்று தேடிப் பாருங்கள். நதி வந்தால் எந்தப் பதிப்பு, எந்த டெபியன் என்று இங்கே எழுதுங்கள். கோப்பில் எந்த வரியை எடுக்க வேண்டும் என்று எல்லாரும் பார்க்க இதே இடத்தில் சொல்கிறேன்.